மணியை எப்போது அடிப்பது?

சரியான விடைக்கு மூன்று மதிப்பெண். தப்பாகச் சொன்னால் ஒன்று போய்விடும். சும்மா இருந்தால் கூடுவதும் இல்லை, குறைவதும் இல்லை. மணியை யார் முதலில் அடிக்கிறார்களோ அவர்களுக்குத்தான் பேசும் உரிமை.

கானா நாட்டின் தேசிய அறிவியல், கணித வினாடி வினாவில் இரண்டாவது சுற்றின் விதி இவ்வளவுதான். நிகழ்தகவு பாடம் நடத்துவதற்கு இதைவிட நல்ல உதாரணம் எனக்குக் கிடைத்ததில்லை. பகடைக்காய், சீட்டுக்கட்டு, பைக்குள் சிவப்புப் பந்து என்று புத்தகம் காட்டும் எதுவும் பிள்ளைகளை அசைக்காது. "மணியடிக்கலாமா, வேண்டாமா?" என்று கேட்டுப் பாருங்கள், கடைசி பெஞ்சும் நிமிர்ந்து உட்காரும். நான்கு முறை ஊகித்து ஒரு முறை சரியாக வந்தால் மூன்று கிடைக்கிறது. மற்ற மூன்று முறையும் ஒவ்வொன்று போகிறது. கணக்கு நேராகிவிட்டது. ஆகவே நான்கில் ஒன்றுக்கு மேல் நம்பிக்கை இருந்தால் அடி, இல்லையென்றால் கையை மடியில் வைத்துக்கொள். இது கரும்பலகைக் கணக்கு. எதிரே இரண்டு பள்ளிகள் மணியில் கை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும்போது, அரங்கம் பாடிக்கொண்டிருக்கும்போது, பதினேழு வயதுப் பையன் இந்தக் கணக்கை ஒரு நொடியில் போட்டாக வேண்டும்.

நான் விருதுநகர்க்காரி. கணக்கு டீச்சர். என் கணவருக்குத் தெமா துறைமுக நகரில் ஒரு தொழிற்சாலையில் வேலை கிடைத்ததால் சில ஆண்டுகள் கானாவில் குடியிருந்தோம். அங்கே ஒரு தனியார் பள்ளியில் நானும் கணக்கு எடுத்தேன். எங்கள் பள்ளி இந்தப் போட்டியின் பக்கத்தில்கூடப் போனதில்லை. ஆனால் போட்டி நடக்கும் வாரங்களில் வகுப்பில் வேறு பேச்சே ஓடாது. எந்தப் பள்ளி எத்தனை மதிப்பெண்ணில் வெளியேறியது, எந்த விடுகதையில் யார் கோட்டை விட்டார் என்பதெல்லாம் காலை முதல் பீரியடுக்கு முன்பே அலசி முடிந்திருக்கும்.

போட்டி பிறந்த கதையைக் கானாவில் எல்லோரும் சொல்வார்கள். 1993இல் குவாக்கு மென்சா-பொன்சு என்பவர், பிரைம்டைம் என்ற நிறுவனத்தின் தலைவர், கானா பல்கலைக்கழகப் பேராசிரியர்களான நண்பர்களோடு டென்னிஸ் ஆடிக்கொண்டிருந்தார். அறிவியல் படிக்க வரும் பிள்ளைகள் குறைந்துகொண்டே போகிறார்கள் என்று அவர்கள் குறைப்பட்டுக்கொண்டார்கள். இதற்கு நம்மால் என்ன செய்ய முடியும் என்று யோசித்ததில் விளைந்ததுதான் இந்த வினாடி வினா. ஆரம்பத்தில் 'பிரில்லியண்ட்' அறிவியல் கணித வினாடி வினா என்று பெயர். 1994இல் குமாசி நகரத்தின் பிரெம்பே கல்லூரி முதல் பட்டத்தை வென்றது. கல்லூரி என்றதும் நம்மூர்க் கல்லூரி என்று நினைக்க வேண்டாம். அங்கே பழைய மேல்நிலைப் பள்ளிகள் பலவற்றுக்கும் கல்லூரி என்ற பெயர் உண்டு. பெரும்பாலும் மிஷன் பள்ளிகள், எல்லாம் விடுதியோடு. கோஃபி அன்னான் படித்த ம்ஃபான்ட்சிபிம் 1876இல் தொடங்கியது. குவாமே என்க்ருமா ஆசிரியர் பயிற்சி பெற்ற அச்சிமோட்டா 1927இல் திறக்கப்பட்டது. இந்தப் பள்ளிகளுக்குள் கால்பந்திலும் தடகளத்திலும் தலைமுறை தலைமுறையாக இருந்த போட்டி, மென்சா-பொன்சுவின் புண்ணியத்தில் தொகை நுண்கணிதத்துக்கு இடம் மாறியது.

மேடையில் எப்போதும் மூன்று பள்ளிகள், பள்ளிக்கு இரண்டு பேர். இரண்டு பள்ளிகள் மோதுவதுதானே வழக்கம், மூன்று எதற்கு என்று எனக்கு முதலில் தோன்றியது. தேசியக் கட்டத்தின் அட்டவணையைப் பார்த்தபோது சந்தோஷமாகிவிட்டது. நான் கவனித்த ஆண்டுகளில் 135 பள்ளிகள் தேசியக் கட்டத்துக்கு வந்தன. அவற்றில் 27 பள்ளிகள் முந்தைய சாதனையின் பலத்தில் நேரே அடுத்த கட்டத்துக்குப் போய்விடும். மீதி 108 பள்ளிகள் மூன்று மூன்றாக 36 ஆட்டம் ஆடும். வென்ற 36 பள்ளிகள், தோற்றாலும் அதிக மதிப்பெண் எடுத்த 18 பள்ளிகள், ஆக 54. அதோடு அந்த 27 சேர்ந்தால் 81. அதன் பிறகு 27, 9, 3, கடைசியில் ஒன்று. மூன்றின் அடுக்குகள் படி இறங்கி வருகின்றன. அட்டவணை போட்டவர் யாரோ, அவரும் ஒரு கணக்கு வாத்தியாராகத்தான் இருக்க வேண்டும்.

ஒவ்வொரு ஆட்டத்திலும் ஐந்து சுற்றுகள். கணிதம், இயற்பியல், வேதியியல், உயிரியல் நான்கிலிருந்தும் கேள்விகள் வரும். முதல் சுற்றில் பள்ளிக்கு ஒன்றாக முறை வைத்துக் கேட்பார்கள். சரிக்கு மூன்று, தவறவிட்டால் அடுத்த பள்ளிக்கு ஒரு மதிப்பெண் வாய்ப்பு. இதில் பெரிதாகச் சொல்ல ஒன்றும் இல்லை. இரண்டாவது சுற்றுதான் நான் ஆரம்பத்தில் சொன்ன வேகப் பந்தயம்.

அந்தச் சுற்றில் எப்படி விழுவார்கள் என்று காட்ட நானே ஒரு கேள்வி போடுகிறேன். 1 முதல் 100 வரை உள்ள எண்களில் 3 ஆலோ 5 ஆலோ வகுபடுபவை எத்தனை? மூன்றால் வகுபடுபவை 33. ஐந்தால் வகுபடுபவை 20. கூட்டினால் 53. விரல் மணியில் இருப்பவனுக்கு இந்த 53 நாக்கு நுனியில் வந்து நிற்கும். ஆனால் 15, 30, 45, 60, 75, 90 ஆகிய ஆறும் இரண்டு பட்டியலிலும் இருக்கின்றன. அவற்றை ஒரு முறை கழித்தால் 47. இந்தக் கழித்தலுக்குத் தேவை ஒன்றரை நொடி. அதற்குள் பக்கத்துப் பள்ளி மணியடித்துவிடும் என்ற பயம்தான் 53ஐச் சொல்ல வைக்கிறது. பெரிய ஆட்டங்களில் கூர்ந்து பார்த்தால் நன்றாகப் பயிற்சி பெற்ற அணிகளுக்கு இந்தப் பயம் குறைவாக இருப்பது தெரியும். மணியடித்த பிறகு தரப்படும் சின்ன இடைவெளியில் விடையைச் சரிபார்த்துக்கொள்கிறார்கள். அடிப்பது ஒரு முடிவு, சொல்வது இன்னொரு முடிவு என்று பிரித்துவைத்திருக்கிறார்கள்.

நான்காவது சுற்று சரியா, தவறா. ஒரு கூற்றை வாசிப்பார்கள். சரியான விடைக்கு இரண்டு மதிப்பெண், பிழைக்கு ஒன்று கழியும். விருப்பம் இல்லையென்றால் பதில் சொல்ல மறுக்கலாம். அப்போது கேள்வி அடுத்த பள்ளிக்கு அதே இரண்டு மதிப்பெண்ணோடு போகும். "இரண்டு விகிதமுறா எண்களைக் கூட்டினால் எப்போதும் விகிதமுறா எண்தான் வரும்" என்பது போல ஒரு கூற்றை வைத்துக்கொள்ளுங்கள். இது என்னுடைய கூற்று, போட்டியில் வந்ததல்ல. தவறு என்பதே விடை, ஏனென்றால் ரூட் இரண்டோடு மைனஸ் ரூட் இரண்டைக் கூட்டினால் பூஜ்யம்.

இந்தச் சுற்று எனக்கு ரொம்பப் பிடிக்கும், காரணம் அந்த 'மறுக்கலாம்' என்ற விதி. கண்ணை மூடிக்கொண்டு ஊகித்தால்கூடப் பாதி முறை இரண்டு வரும், பாதி முறை ஒன்று போகும். சராசரியாக ஒரு கேள்விக்கு அரை மதிப்பெண் லாபம். அப்படியிருக்க, யாராவது ஏன் மறுக்க வேண்டும்? கணக்குப்படி மறுப்பது நஷ்டம் என்றுதான் நானும் வகுப்பில் சொல்லிக்கொண்டிருந்தேன். ஒரு மாணவி எழுந்தாள். "மேடம், நீங்கள் ஒரு பள்ளியை மட்டும் பார்க்கிறீர்கள். மேடையில் மூன்று இருக்கின்றன" என்றாள். அவள் சொன்னது இது. கடைசிக் கேள்வி உங்களுக்கு வருகிறது. உங்களுக்குப் பின்னால் ஒரே ஒரு மதிப்பெண் வித்தியாசத்தில் ஒரு பள்ளி. மூன்றாவது பள்ளி எங்கேயோ பின்தங்கிக் கிடக்கிறது, அடுத்த முறை அதனுடையது. நீங்கள் மறுத்தால் அந்த இரண்டு மதிப்பெண் பின்தங்கிய பள்ளிக்குத்தான் போகும், போகட்டும். நீங்கள் தப்பாகச் சொன்னால் உங்கள் முன்னிலை காலி. ஆகவே மறுப்பதே புத்திசாலித்தனம். சராசரி லாபம் என்பது வேறு, ஆட்டத்தை வெல்வது என்பது வேறு. இதை நான் அடுத்த ஆண்டுப் பாடத்தில் சேர்த்துக்கொண்டேன். அவள் பெயரைச் சொல்லித்தான் நடத்துவேன்.

நம்மூரில் கணக்குப் பரீட்சைக்குப் போகும் பிள்ளையிடம் நாங்கள் சொல்வது என்ன? "ஒரு மார்க் கேள்வி எதையும் விடாதே, தெரியாவிட்டாலும் ஏதாவது ஒன்றை எழுதிவிட்டு வா." தப்புக்கு மார்க் குறையாத பரீட்சையில் அது சரியான அறிவுரைதான். அதே பிள்ளை ஜேஇஇ, நீட் எழுதப் போகும்போது சரிக்கு நான்கு, தப்புக்கு மைனஸ் ஒன்று என்ற விதியைப் பார்த்துத் திகைத்து நிற்கிறது. தனக்கு எது தெரியும், எது பாதி தெரியும், எது தெரியவே தெரியாது என்று தரம் பிரிக்க அதுவரை யாரும் அதைப் பழக்கியிருக்கவில்லை. கானாவில் தொலைக்காட்சி பார்க்கும் எட்டாம் வகுப்புப் பிள்ளைக்கும் அது பழகியிருக்கிறது.

கடைசிச் சுற்று விடுகதை. மொத்தம் நான்கு. குறிப்புகளை ஒவ்வொன்றாக வாசிப்பார்கள். முதல் குறிப்பிலேயே சொன்னால் ஐந்து மதிப்பெண், இரண்டாவதில் நான்கு, அதற்குப் பிறகு எப்போது சொன்னாலும் மூன்று. நான் ஒன்று கட்டுகிறேன். 'நான் ஒரு வளைகோடு. என் உறவுக்காரர்கள் சிலருக்குக் குவியம் இரண்டு, எனக்கு ஒன்றே ஒன்று.' இங்கேயே பரவளையம் என்று சொல்லத் துணிச்சல் வேண்டும். 'என் மேல் எங்கே நின்றாலும் குவியத்துக்கும் ஒரு குறிப்பிட்ட நேர்கோட்டுக்கும் தூரம் ஒன்றுதான்' என்பது இரண்டாவது குறிப்பு. பாடம் படித்தவர்கள் இங்கே அடிப்பார்கள். 'நீ சாய்வாக எறிந்த கல் என் வழியாகத்தான் விழுகிறது' என்னும்போது வீட்டில் உட்கார்ந்து பார்ப்பவர்களும் கத்துவார்கள். நான்கு விடுகதைக்கு அதிகபட்சம் 20 மதிப்பெண் என்பதால் நான்கு சுற்று முன்னிலையில் இருந்த பள்ளியும் இந்தச் சுற்று முடியும்வரை மூச்சுவிட முடியாது. தொலைக்காட்சிக்காரர்களுக்கு இதைவிட என்ன வேண்டும்!

ஒன்றை விட்டுவிட்டேன், வேண்டுமென்றேதான். மூன்றாவது சுற்று. 'இன்றைய கணக்கு' என்று சொல்லலாம். மூன்று பள்ளிகளுக்கும் ஒரே கணக்கு, நான்கு நிமிடம், பத்து மதிப்பெண். மணி கிடையாது, வாய்ப்பேச்சு கிடையாது. காகிதத்தில் படிப்படியாக எழுதிக் கொடுக்க வேண்டும், திருத்தி மதிப்பெண் போடுவார்கள். மற்ற நான்கு சுற்றுகளிலும் தெரிந்ததை வேகமாக எடுத்துத் தருகிறார்கள். இதில்தான் இரண்டு பேர் தலையைச் சேர்த்து யோசிக்கிறார்கள். ஒருவன் எழுத, இன்னொருவன் அவன் எழுதியதைத் தொட்டுக் காட்ட, அடித்து மறுபடி எழுத, என் கண்ணுக்கு இதுதான் கணிதம். ஆனால் காமிராவுக்கு இதில் காட்ட ஒன்றும் இல்லை. மொத்த ஆட்டத்தில் பார்வையாளர்கள் தண்ணீர் குடிக்க எழுந்து போகும் நான்கு நிமிடம் இதுதான்.

கேள்வி கேட்பவரை அங்கே 'குவிஸ் மிஸ்ட்ரஸ்' என்பார்கள். தொடக்கம் முதல் இன்றுவரை அந்த நாற்காலியில் பெண் விஞ்ஞானிகள்தான். முதலில் மேரியன் எவுராமா ஆடி. உயிர்வேதியியல் பேராசிரியர், இயற்கை அறிவியலில் முழுப் பேராசிரியர் பதவிக்கு உயர்ந்த முதல் கானாப் பெண். அறிவியலை மக்களிடம் கொண்டுபோனதற்காக 1999இல் யுனெஸ்கோவின் கலிங்கா பரிசு அவருக்குக் கிடைத்தது. அந்தப் பரிசை ஏற்படுத்தியது ஒடிசாவின் பிஜு பட்நாயக் கொடுத்த நிதி என்று நான் சொன்னபோது எங்கள் தெமா ஆசிரியர் அறையில் யாரும் நம்பவில்லை. ஆடி 2014இல் காலமானார். அவருக்குப் பிறகு தாவரவியல் அறிஞர் யுரேகா அடோமாகோ. 2006 முதல் எல்சி எஃபா காஃப்மன், கானா பல்கலைக்கழகத்தில் உயிர்மருத்துவப் பொறியியல் துறையை உருவாக்கியவர்களில் முக்கியமானவர். காஃப்மன் கேள்வி வாசிக்கும்போது அவர் முகத்தைப் பார்த்து விடை சரியா தப்பா என்று கண்டுபிடிக்க நான் பல முறை முயன்றிருக்கிறேன். ஒன்றும் தெரியாது. அலகைச் சொல்லாமல் விட்டால் விடமாட்டார் என்று பிள்ளைகள் நடுங்குவார்கள். எங்கள் பள்ளியில் வெறும் எண்ணை மட்டும் எழுதி நிறுத்தும் மாணவர்களிடம் "காஃப்மன் மேடம் ஒத்துக்கொள்வாரா?" என்று கேட்டால் போதும், அலகு தானாக வந்துவிடும்.

நாற்காலியில் பெண்கள். எதிரே மேஜைகளில் பெரும்பாலும் பையன்கள். பெண்கள் பள்ளி எதுவும் இதுவரை பட்டம் வென்றதில்லை. 2021 இறுதிப்போட்டிக்கு வோல்டா பகுதியின் கேட்டா மேல்நிலைத் தொழில்நுட்பப் பள்ளி வந்தது. அந்தப் பகுதியிலிருந்து இறுதிவரை வந்த முதல் பள்ளி அது. அணியில் ஒரு பெண். எட்டு ஆண்டுகளில் இறுதி மேடையில் உட்கார்ந்த முதல் பெண் அவள்தான். பிரெம்பேயும் பிரெசெக்கும் எதிரே. பட்டம் பிரெம்பேக்குப் போனது. ஆனாலும் நாடு முழுக்கப் பேச்சு கேட்டாவைப் பற்றித்தான்.

பிரெசெக் என்பது தலைநகர் அக்ராவில் லெகோன் பகுதியில் இருக்கும் பிரெஸ்பிட்டேரியன் ஆண்கள் பள்ளி. 1995 தொடங்கி 2023 வரை எட்டு முறை பட்டம். 2022, 2023 இரண்டும் அவர்களுக்கே. அடுத்த ஆண்டு ம்ஃபான்ட்சிபிம் தட்டிப் பறித்தது. பட்டம் வென்ற பள்ளிகளை வரைபடத்தில் புள்ளி வைத்துப் பார்த்தேன். அக்ரா, குமாசி, கேப் கோஸ்ட், டாகோராடி, கிழக்கே இரண்டு. எல்லாம் நாட்டின் தென்பாதி. வடக்கு வெறுமையாகக் கிடக்கிறது. இதில் வியப்பு ஒன்றும் இல்லை. பள்ளி இறுதிக்கு முந்தைய பொதுத்தேர்வில் அதிக மதிப்பெண் எடுத்த பிள்ளைகளைக் கணினி வழியாகத் தாங்கள் விரும்பும் பள்ளிக்கு ஒதுக்குகிறார்கள். முதல் மதிப்பெண்காரர்கள் பழைய பெயர் பெற்ற பள்ளிகளை எழுதிக் கொடுக்கிறார்கள். போட்டியில் ஆடிய பழைய மாணவர்கள் பல்கலைக்கழகத்திலிருந்து வந்து புதிய அணிக்கு மாதக்கணக்கில் பயிற்சி தருகிறார்கள். வென்ற பள்ளி இன்னும் பிரபலமாகிறது, இன்னும் நல்ல மாணவர்கள் வருகிறார்கள். இந்தச் சுழலைப் போட்டி உருவாக்கவில்லை, ஆனால் எண்ணெய் விட்டுக்கொண்டிருக்கிறது. இரண்டு பேர் மேடையில் சாதிப்பதை வைத்து அந்தப் பள்ளியின் இரண்டாயிரம் பேருக்கும் கணக்கு வரும் என்று பெற்றோர் முடிவு கட்டுவதும் எனக்கு உறுத்தல்தான்.

ஆனால் ஒரு தலைமுறைக்கு முன் அறிவியல் படிக்க ஆள் இல்லை என்று டென்னிஸ் மைதானத்தில் புலம்பிய நாட்டில், இன்று பச்சைச் சட்டையும் நீலச் சட்டையும் போட்டுக்கொண்டு நரைத்த தலைகள் தேசிய நாடக அரங்கத்தில் நின்று பாடுகின்றன. அந்தப் பாட்டுக்கு ஜாமா என்று பெயர். பள்ளிக்குப் பள்ளி தனி மெட்டு, எதிரணியைக் கிண்டல் செய்ய உடனுக்குடன் கட்டும் வரிகள். எங்கள் பக்கத்து வீட்டுப் பெரியவர் துறைமுகத்தில் எழுத்தராக இருந்து ஓய்வு பெற்றவர், பிரெம்பேயின் பழைய மாணவர். அவர் பள்ளி தோற்ற அன்று மாலை மாங்காய் ஊறுகாய் கொடுக்கப் போனேன். கதவைத் திறந்து வாங்கிக்கொண்டார், ஒரு வார்த்தை பேசவில்லை. மறுநாள் வந்து, அந்த மூன்றாவது விடுகதையில் இரண்டாவது குறிப்பே தெளிவாக இல்லை என்று அரைமணி நேரம் வாதாடினார். அவருக்கு வேதியியல் சுத்தமாகத் தெரியாது. படித்தது வரலாறு.

2023 இறுதிப்போட்டியில் நான்காவதாக ஒரு போட்டியாளரும் இருந்தது, மேடைக்கு வெளியே. கானா ஆய்வாளர்கள் உருவாக்கிய 'பிரில்லா' என்ற செயற்கை நுண்ணறிவு, விடுகதைச் சுற்றை நேரலையில் கேட்டு, அதிகாரபூர்வமற்ற முறையில் ஆடியது. குறிப்புகளைக் காதால் கேட்டு எழுத்தாக்கி, விடையைக் கண்டுபிடித்து, கானா உச்சரிப்பில் சொல்ல வேண்டும். கானா மக்கள் பேசும் ஆங்கிலத்தைக் கணினிக்குப் புரியவைப்பதே அதில் பாதி வேலை. நான்கு விடுகதைகளில் ஒன்றை மூன்று பள்ளிகளுக்கும் முன்பாகச் சொல்லிவிட்டது. கணக்குப் பார்த்தால் இரண்டாம் இடத்தைப் பகிர்ந்துகொண்டது. என்னைக் கேட்டால் இயந்திரத்துக்குப் பெரிய சோதனை விடை கண்டுபிடிப்பதில் இல்லை. போதுமான அளவு தெரிந்துவிட்டதா, இன்னொரு குறிப்புக்குக் காத்திருப்பதா என்று முடிவெடுப்பதில் இருக்கிறது. பையன்களுக்கும் அதே சோதனைதான்.

முழு ஆட்டங்கள் யூடியூபில் கிடைக்கின்றன. கேள்வி எல்லாம் ஆங்கிலத்தில்தான், பாடத்திட்டம் நம் பிளஸ் டூவோடு பெரும்பாலும் ஒத்துப்போகும். உச்சரிப்புக்குக் காது பழக ஓர் ஆட்டம் ஆகும். பிள்ளைகளோடு பார்க்கிறவர்களுக்கு ஒன்று சொல்வேன்: மூன்றாவது சுற்று வரும்போது கணக்கை வாசித்து முடித்ததும் வீடியோவை நிறுத்திவிடுங்கள். பேப்பரும் பேனாவும் எடுத்துக்கொடுத்து, செல்போனில் நான்கு நிமிடம் அலாரம் வையுங்கள். நீங்களும் ஒரு பேப்பர் எடுத்துக்கொள்ளலாம், பிள்ளை முந்திவிடும் என்ற பயம் இல்லாவிட்டால்.